மழை கூடினால் உரம் கரைந்துவிடும், நைட்ரஸ் ஆக்சைடும் குறையும் என்பது சரியா? (நீலகிரி தேயிலை, காய்கறி மண்)

ஏப்ரல் 18, காலை 9.40 – கோத்தகிரி கொழுந்து
யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு போகிறது, அது புவியைச் சூடாக்குகிறது என்கிறார்கள். எங்கள் பக்கம் மழை இப்போதெல்லாம் நிதானமாகப் பெய்வதில்லை. பத்து நாள் காய்ந்து கிடக்கும், பிறகு ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். அப்படிக் கொட்டினால் போட்ட உரம் ஓடையோடு போய்விடும். மண்ணில் உரமே இல்லை என்றால் வாயு எங்கிருந்து வரும்? மழை கூடினால் இந்தப் பிரச்சினை குறையும் என்பது என் கணக்கு. தப்பென்றால் சொல்லுங்கள்.

ஏப்ரல் 18, இரவு 8.15 – மண்காரன், உதகை
பாதி சரி. உரம் கரைந்து இறங்குவது உண்மை. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு வருடம் முழுக்க ஒரே அளவில் கசிவதில்லை. வருடக் கணக்கில் பெரும்பகுதி சில நாட்களிலேயே போய்விடுகிறது. மண்ணில் நைட்ரேட் கிடக்கும்போது, காய்ந்த மண் திடீரென்று நனையும் நாட்கள் அவை. நீங்கள் சொன்ன "பத்து நாள் காய்ச்சல், ஒரு நாள் கொட்டல்" அதற்கு எடுத்து வைத்த மாதிரி.

மண்ணில் இரண்டு வேலை நடக்கிறது. யூரியா இரண்டு மூன்று நாளில் அம்மோனியமாகும். அந்த அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் காற்றின் துணையோடு நைட்ரேட்டாக மாற்றும்போது கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு சிந்தும். இது முதல் வழி. மண் நனைந்து காற்று தட்டுப்படும்போது, வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். நைட்ரேட் படிப்படியாக உடைந்து நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் சாதாரண நைட்ரஜனாகக் காற்றோடு கலக்கும். இது இரண்டாவது வழி. கடைசிப் படி நடந்துவிட்டால் கெடுதல் இல்லை. நடுவில் நின்றுபோனால்தான் வம்பு.

எந்த வழி நடக்கும் என்பதை மண் துளைகளில் எத்தனை பங்கு தண்ணீர் நிற்கிறது என்பது தீர்மானிக்கிறது. 60 சதவீதத்துக்குக் கீழே முதல் வழி. 60 முதல் 80 வரை நைட்ரஸ் ஆக்சைடு உச்சத்தில் இருக்கும். 80-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நைட்ரஜனாகவே முடியும்.

உங்கள் தோட்டத்துக்கே கணக்குப் போடலாம். மேல் 10 செ.மீ. மண்ணில் 70 சதவீதம் துளை என்று வையுங்கள், நம் மலை மண் அவ்வளவு பொலபொலப்பு. அந்தப் படலம் 70 மி.மீ. தண்ணீர் கொள்ளும். காய்ச்சலில் 35 சதவீதம், அதாவது 24, 25 மி.மீ. மட்டும் இருக்கிறது. ஒரு மாலையில் 25 மி.மீ. கோடை மழை இறங்கினால் நேராக 70 சதவீதத்துக்குப் போய் நிற்கும். ஓடையில் உரம் அடித்துக்கொண்டு போக அந்த மழை போதாது. வாயு கிளம்ப அது கச்சிதமான அளவு.

ஏப்ரல் 19, காலை 6.50 – மண்காரன்
நேற்று விட்டது ஒன்று. காய்ந்த மண் நனைந்தால் உரமே போடாவிட்டாலும் ஒரு குதிப்பு வரும். காய்ச்சலில் செத்த நுண்ணுயிர்களும், மண் கட்டிக்குள் பூட்டிக் கிடந்த மக்கிய பொருளும் ஒரே நேரத்தில் அவிழ்வதுதான் காரணம். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958-இல் எழுதிய பர்ச் பெயரால் இதை பர்ச் விளைவு என்கிறார்கள். அந்தக் குதிப்பின் மேல் நாம் உரத்தையும் கொட்டினால் இரண்டும் சேர்ந்து எழும்.

ஏப்ரல் 19, பிற்பகல் 1.05 – கோத்தகிரி கொழுந்து
முதல் மழையைப் பார்த்ததும்தானே நாங்கள் எல்லாரும் மூட்டையைப் பிரிக்கிறோம்!

ஏப்ரல் 19, இரவு 9.30 – மண்காரன்
அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதல் நல்ல மழைக்குப் பிறகு எட்டு, பத்து நாள் விடுங்கள். குதிப்பு அடங்கும், வேர் விழிக்கும், புதுத் துளிர் உரம் கேட்கும். அப்போது ஈரமுள்ள, ஆனால் சொதசொதக்காத மண்ணில் போடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் யூரியாவைத் தூவித் தூறலில் விடுவதும் நஷ்டம், அம்மோனியாவாகப் பறந்துவிடும். யூரியா மண்ணுக்குள் இறங்க 10 மி.மீ. மழையாவது வேண்டும்.

ஏப்ரல் 22, மாலை 5.20 – கேத்தி காரட்
அண்ணா, நாங்க யூரியாவைக் குறைச்சுட்டு கோழி எருவும் சாண எருவும்தான் போடறோம். எங்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாதுங்களே?

ஏப்ரல் 22, இரவு 10.00 – மண்காரன்
பொருந்தும் தம்பி. நைட்ரேட்டை உடைக்கும் நுண்ணுயிருக்கு மூன்று சாமான் வேண்டும்: நைட்ரேட், காற்றில்லாத இடம், தின்னக் கரிமம். யூரியா முதலாவதைத் தருகிறது. கோழி எரு முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே தருகிறது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) சீக்கிரம் அவிழும். நன்றாக மக்கிய சாண எரு நிதானமானது, பயம் குறைவு. பச்சைக் கோழி எருவை வயல் ஓரத்தில் மூடாமல் குவித்து மழையில் விடுவதுதான் மிக மோசம். குவியலின் உள்ளே சூடும் ஈரமும், வெளித்தோலில் காற்றும். இரண்டு வழியும் ஒரே குவியலில் நடக்கும். தார்ப்பாய் போட்டு மூடுங்கள், அடியில் தண்ணீர் வராமல் மேட்டில் வையுங்கள், விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே மண்ணோடு கலந்துவிடுங்கள். எரு போட்ட பாத்திக்கு யூரியாவை அதற்குத் தக்கபடி கழியுங்கள். எருவிலுள்ள தழைச்சத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் முழு யூரியாவும் போடுவதுதான் காய்கறி வயலில் அதிகம் பார்க்கும் தப்பு. பயிர் எடுத்தது போக மீந்த தழைச்சத்துதான் வாயுவாகிறது. தேவையைத் தாண்டியதும் உமிழ்வு உரத்தின் அளவோடு நேர்கோட்டில் ஏறாது, செங்குத்தாக ஏறும்.

மே 6, காலை 7.30 – மண்காரன்
தனி மடலில் இருவர் கேட்ட கணக்கு. ஏக்கருக்கு வருடம் 120 கிலோ தழைச்சத்து என்று வையுங்கள். அதாவது 261 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலைக் குழு) 2019-இல் திருத்திய கணக்கு முறைப்படி, ஈரமான பகுதியில் ரசாயன உரத் தழைச்சத்தில் 1.6 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். வருடம் 1000 மி.மீ.க்கு மேல் பெய்யும் வெப்பமண்டல நிலம் அந்த வகையில் வரும். 120-இல் 1.92 கிலோ. அது தழைச்சத்து எடையில். வாயு எடைக்கு 44/28-ஆல் பெருக்கினால் 3 கிலோ. கார்பன் டை ஆக்சைடைவிட அது எத்தனை மடங்கு சூடாக்கும் என்பதற்கான எண் 298, அதால் பெருக்கினால் 900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

மே 7, காலை 6.15 – மண்காரன்
திருத்தம். 298 பழைய எண். 2021 அறிக்கையில் நூறு வருடக் கணக்குக்கு 273. ஆகவே 825 கிலோவுக்குக் கிட்ட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது முக்கியம். கோத்தகிரிக்காரர் சொன்ன "ஓடையோடு போன உரம்" கணக்கிலிருந்து காணாமல் போவதில்லை. அதே முறைப்படி ஈரப் பகுதியில் 24 சதவீதம் அடியில் இறங்கும், இறங்கியதில் 1.1 சதவீதம் ஓடையிலும் ஆற்றிலும் நைட்ரஸ் ஆக்சைடாகும். 120-க்கு 0.32 கிலோ. நேரடியாகப் போனதில் ஆறில் ஒரு பங்கு. கோத்தகிரி மண்ணில் வரவேண்டியது பவானியில் வருகிறது.

மே 7, இரவு 8.40 – குன்னூர் கவாத்து
1.6 சதவீதம் எல்லாப் பயிருக்கும் சராசரிதானே? தேயிலைக்கு அதே எண் சரிவருமா?

மே 8, காலை 7.00 – மண்காரன்
நல்ல கேள்வி. ஜப்பானில் தங்கள் வயல் அளவீடுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். தேயிலை தவிர்த்த மேட்டு நிலத்துக்கு 0.62 சதவீதம், தேயிலைக்கு 2.82 சதவீதம். ஒரே நாட்டில் நாலரை மடங்கு. அங்கே தேயிலைக்கு உரம் மிக அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மண்ணின் புளிப்பு, அது நமக்கும் பொருந்தும்.

நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் கடைசி நொதி பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) 6-க்குக் கீழே ஒழுங்காக உருவாவதே இல்லை. தேயிலை மண் 4.5 முதல் 5.5. அதாவது நம் தோட்டத்தில் படிக்கட்டின் கடைசிப் படி உடைந்து கிடக்கிறது. நைட்ரேட் இறங்கி வந்து, நைட்ரஸ் ஆக்சைடு படியில் நின்றுவிடும்.

அப்படியானால் சுண்ணாம்பு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேயிலைக்கு 5.5-க்கு மேல் ஏற்றக்கூடாது, செடி தாங்காது. கவாத்து ஆண்டில் மண் பரிசோதனைப்படி டோலமைட் சுண்ணாம்பு போட்டு 4.5-க்குக் கீழே விழாமல் பிடித்து வைப்பதோடு சரி. காய்கறிக்கு 6 முதல் 6.5 வரை தாராளமாக ஏற்றலாம், கோஸின் வேர் வீக்க நோயும் ஓரளவு குறையும். சுண்ணாம்பு போட்டதும் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகமும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே வாரத்தில் வேண்டாம்.

ஜூன் 11, பிற்பகல் 3.25 – சேம்பர் மாணவி
வணக்கம் சார். முத்தோரை பக்கம் உருளை வயலிலும் பக்கத்துப் புல்வெளியிலும் சேம்பர் (மண்ணின் மேல் வைத்து வாயுவைப் பிடிக்கும் மூடிய பெட்டி) வைத்து அளக்கப் போகிறேன். காற்று மாதிரியைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போய்க் கேஸ் குரோமட்டோகிராஃபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) கொடுக்க வேண்டும். 12 மில்லி கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி. கவனிக்க வேண்டியது என்ன?

ஜூன் 12, இரவு 9.50 – மண்காரன்
முதலில் குப்பி, ஏனென்றால் மலையில் எடுத்துச் சமவெளியில் படிப்பதில் இதுதான் எல்லாரையும் கவிழ்க்கிறது. உதகை 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம்தான். காற்றை முழுக்க உறிஞ்சிய 12 மில்லி குப்பியில் நீங்கள் 12 மில்லி ஏற்றினால் உள்ளே 0.76 அழுத்தம். கோயம்புத்தூரில் வெளியே 0.95. அங்கே ஊசி குத்திய நொடியில் வெளிக்காற்று உள்ளே பாயும், உங்கள் மாதிரி நீர்த்துவிடும். 15 மில்லி ஏற்றினால் சரிக்குச் சரி, அதுவும் போதாது. 20 மில்லி ஏற்றுங்கள். உள்ளே 1.27 இருக்கும், கீழே போனாலும் வெளித்தள்ளும் அழுத்தமே மிஞ்சும். சோதனைக்கு, செறிவு தெரிந்த வாயுவை உதகையிலேயே ஐந்தாறு குப்பியில் ஏற்றி மற்றவற்றோடு சேர்த்து அனுப்புங்கள். அது மாறி வந்தால் பயணத்தில் கசிகிறது என்று பொருள்.

வளையம் (சேம்பர் மூடி உட்காரும் அடிப்பகுதி): 30 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, 7 அல்லது 8 செ.மீ. மண்ணுக்குள் இறக்குங்கள். அளவுக்கு ஒரு நாளாவது முன்னால். இறக்கிய சூட்டில் அளந்தால் அறுந்த வேரும் கலைந்த மண்ணும் பேசும். மூடியில் காற்றுப் புகாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி வைத்த வளையம் சரிவில் ஒரு பக்கம் வழிந்து மறுபக்கம் காற்று விடும், அதனால் சைக்கிள் டியூப் பட்டை மாட்டிக் கவ்வ வைப்பது மேல். உள் உயரத்தை ஒரே இடத்தில் அளக்காதீர்கள், எட்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். மூடியை அலுமினியத் தாளால் சுற்றுங்கள், வெயிலில் உள்ளே சூடேறும். காலை 9 முதல் 11-க்குள் மூடி, 0, 10, 20, 30 நிமிடத்தில் நான்கு மாதிரி. பூஜ்ய நிமிடக் குப்பி 335, 340 பி.பி.பி. (நூறு கோடியில் இத்தனை பங்கு) அளவில் வர வேண்டும். வெளிக்காற்றின் அளவே அதுதான், உயரம் ஏறினாலும் இந்த விகிதம் மாறாது. அதை விட்டு விலகினால் மற்ற மூன்றையும் நம்பாதீர்கள்.

கணக்கில் அழுத்தத் திருத்தம்: 30 நிமிடத்தில் 60 பி.பி.பி. ஏறியது, உள் உயரம் 15 செ.மீ., வெப்பம் 18 டிகிரி என்று வையுங்கள். உதகை அழுத்தத்தில் சதுர மீட்டருக்கு மணிக்கு 16 மைக்ரோகிராம் தழைச்சத்து. கடல்மட்ட அழுத்தம் போட்டால் 21 வரும். முப்பது சதவீதப் பொய்.

வாரம் ஒரு முறை அளவு என்று அட்டவணை போட்டு உட்காராதீர்கள். உரம் போட்ட பிறகும், காய்ச்சலுக்குப் பின் வரும் முதல் மழைக்குப் பிறகும் பத்து நாள் தினமும் அளக்க வேண்டும். செவ்வாய்க்குச் செவ்வாய் போனால் புதனன்று எழுந்து சனியன்று அடங்கிய குதிப்பு உங்கள் நோட்டில் இருக்காது.

ஜூன் 13, காலை 8.10 – சேம்பர் மாணவி
துளை நீர் கணக்குக்கு மண் துகளின் அடர்த்தி 2.65 என்றே போடலாமா சார்?

ஜூன் 13, இரவு 9.15 – மண்காரன்
ஏப்ரலில் நான் சொன்ன 70 சதவீதத் துளையும் அந்த 2.65-ஐ வைத்து வந்ததுதான். இப்போது திருத்துகிறேன். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரமுள்ள வளையத்தில் 98 கன செ.மீ. மண். 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி 78 கிராம் நின்றால் அடர்த்தி 0.80. 2.65 என்றால் துளை 70 சதவீதம். ஆனால் நம் மேல் மண்ணில் மக்கு அதிகம், மக்கு கனமில்லாதது. 2.4 என்று எடுத்தால் துளை 67 சதவீதம். மண்ணின் கன அளவில் 42 சதவீதம் ஈரம் இருந்தால் முதல் கணக்கில் துளை நீர் 60, இரண்டாவதில் 63. சாதாரண நாளில் பெரிய வித்தியாசமில்லை. வரம்பில் நிற்கும் நாளில் வித்தியாசம்தான். முடிந்தால் துகள் அடர்த்தியை அளந்தே போடுங்கள்.

புல்வெளியில் ஒரு எச்சரிக்கை: மாட்டுச் சிறுநீர் விழுந்த இடத்தில் ஹெக்டேருக்கு 500 கிலோவுக்கும் மேல் போட்டது போலத் தழைச்சத்து குவியலாம். அந்தத் திட்டு கரும்பச்சையாகத் தெரியும். அதன் மேல் தெரியாமல் வளையம் வைத்தால் புல்வெளியின் கணக்கே கெடும். வேண்டுமென்றே தனியாக அளந்து, தனி வகையாக எழுதுங்கள்.

ஜூலை 20, மாலை 6.30 – கூடலூர்
இங்கே விடாமல் பெய்கிறது. மண் நிரம்பி வழிகிறது. உங்கள் கணக்குப்படி 80 சதவீதத்துக்கு மேல், அப்படியானால் எங்களுக்குக் கவலையில்லை?

ஜூலை 21, காலை 7.45 – மண்காரன்
அப்படித்தான் ஏப்ரலில் எழுதினேன், ஆனால் அது புளிப்பில்லாத மண்ணில் வந்த வரைபடம். மே 8 குறிப்பில் சொன்ன உடைந்த கடைசிப் படியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பி.எச். 4.6 உள்ள மண் நிரம்பினாலும் முழுக்க நைட்ரஜனாக முடியாது, நைட்ரஸ் ஆக்சைடின் பங்கு தூக்கலாகவே இருக்கும். உங்களைக் காப்பாற்றுவது வேறொன்று. ஜூன் கடைசிக்குள் நைட்ரேட் பெரும்பாலும் கழுவிப் போயிருக்கும். ஆகவே கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூலையில் உரம் வேண்டாம். மழை இடைவெளி விட்டு, மண் ஆறும்போது போடுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதிரி மழைக்கு முன் வாரம் போட்ட உரத்துக்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

ஆகஸ்ட் 9, இரவு 10.20 – சேம்பர் மாணவி
மழையைக் குறைத்தும் கூட்டியும் பார்க்கச் சின்னப் பந்தல் போடலாம் என்றிருக்கிறேன். 2 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்தி.

ஆகஸ்ட் 10, இரவு 8.30 – மண்காரன்
15 செ.மீ. அகல பாலிகார்பனேட் பட்டை, நடுவில் 35 செ.மீ. இடைவெளி. மேலிருந்து பார்த்தால் 30 சதவீதம் மறையும். 20 மி.மீ. மழையில் 4 சதுர மீட்டருக்கு 24 லிட்டர் பட்டையில் வழியும், அதைக் கேனில் பிடித்து மழை கூட்டும் பாத்தியில் பூவாளியால் அன்றே ஊற்றுங்கள். உதகை மழை சாய்ந்து அடிக்கும், 30 என்பது காகிதத்தில்தான். பந்தலுக்கு அடியில் ஒரு சின்ன மழைமானி வையுங்கள். மேட்டுப் பக்கம் 50 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து பாலித்தீன் தாள் இறக்காவிட்டால், பக்கத்து நிலத்துத் தண்ணீர் அடியில் ஊறி வந்து உங்கள் வறட்சியை நனைத்துவிடும். ஓரத்தில் அரை மீட்டரை அளவில் சேர்க்காதீர்கள்.

தழைச்சத்து: ஹெக்டேருக்கு 50 கிலோ என்றால் உங்கள் பாத்திக்கு 20 கிராம், யூரியாவில் 43.5 கிராம். 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், உரமில்லாத பாத்திக்கும் வெறும் 4 லிட்டர் ஊற்றுங்கள். கடையில் கிடைப்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. 2015-லிருந்து உள்நாட்டு யூரியா முழுக்க அப்படித்தான். வேம்பு, நைட்ரேட்டாகும் வேகத்தைத் தாமதிக்கும். பூச்சு இல்லாத யூரியா வேண்டுமென்றால் ஆய்வக தரத்தில் வாங்குங்கள், எது போட்டீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

மொத்த மழையைக் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்தாமல், மொத்தத்தை மாற்றாமல் இடைவெளியை மாற்றும் பாத்தி ஒன்றும் வையுங்கள். பத்து முறை 10 மி.மீ. ஒரு பாத்திக்கு, இரண்டு முறை 50 மி.மீ. இன்னொன்றுக்கு. நம் மலைக்கு அந்தக் கேள்விதான் அவசரம்.

அக்டோபர் 3, காலை 10.15 – குன்னூர் கவாத்து
உரமே போடாத சீகைக் (வாட்டில் மரம்) காட்டில் இதெல்லாம் வராது, சரிதானே?

அக்டோபர் 3, இரவு 9.00 – மண்காரன்
சீகை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் சேர்க்கும் மரம். மூட்டை பிரிக்காமலே வருடா வருடம் உரம் விழுகிறது. தழைச்சத்து குறைவாகவே வாழப் பழகிய புல்வெளியில் அது புகுந்தால் மண்ணின் கணக்கு மாறுகிறது. சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்கும் இடங்களில் கவனம் தேவை: சேர்ந்த சருகு மக்கி நைட்ரேட் அவிழும், எடுத்துக்கொள்ள வேர் இருக்காது. வெட்டிய பிறகு வரும் முதல் இரண்டு மழைக்காலம் ஆபத்தானது. மழைக்கு முன்பே உள்ளூர்ப் புல் கரணையை நெருக்கமாக நட்டுவிட வேண்டும்.

டிசம்பர் 28, காலை 8.00 – கேத்தி காரட்
உறைபனி விழுந்து உருகும்போதும் வாயு குதிக்கும்னு எங்கயோ படிச்சேன்ணா. தலைகுந்தாவுல புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கு.

டிசம்பர் 28, பகல் 12.40 – மண்காரன்
கனடா மாதிரி மண்ணே வாரக்கணக்கில் உறைந்து உருகும் இடத்தில் அது பெரிய குதிப்பு. இங்கே உறைவது புல் நுனியும் மேல் தோலும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் உருகிவிடுகிறது, வேர் மண் உறைவதே இல்லை. அந்த அளவுக்கு இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 11, காலை 7.20 – கோத்தகிரி கொழுந்து
வருடம் திரும்பிவிட்டது. நேற்று 18 மி.மீ. பெய்தது. நீங்கள் சொன்னபடி மூட்டையைப் பிரிக்கவில்லை. பத்தாம் நாள் எதைப் பார்த்து முடிவு செய்வது? என்னிடம் மானி ஏதும் இல்லை.

ஏப்ரல் 11, இரவு 8.50 – மண்காரன்
கை போதும். செடி நிழலில் சருகை விலக்கி, 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் இன்னும் காய்ச்சல், அடுத்த மழைக்குக் காத்திருங்கள். உருண்டை நின்று, கட்டைவிரலால் குத்தியதும் உடைந்தால் போடலாம். விரல் இடுக்கில் தண்ணீர் பளபளத்தால் போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் வெயில் காயட்டும். நாலு இடத்தில் பாருங்கள், சரிவின் அடிப்பக்கத்தையும் சேர்த்து. அடிப்பக்கம் கடைசியாக ஆறும், அங்கே உரத்தைத் தள்ளிப் போடலாம்.

போன வருடம் நான் சொல்லாமல் விட்டது: போடும் நாளின் வானிலையை மட்டும் பார்க்காதீர்கள். அம்மோனியம் நைட்ரேட்டாக நம் குளிரிலும் புளிப்பிலும் இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஆகவே வாயுவைக் கிளப்பும் பெருமழை ஆபத்து, உரம் போட்ட பத்தாம் நாள் வாக்கில்தான் கூடத் தொடங்குகிறது. 30 கிலோ தழைச்சத்தை, யூரியாவில் 65 கிலோ, ஒரே தடவையாகப் போடாமல் பாதி பாதியாக மூன்று வார இடைவெளியில் போடுங்கள். கூலி கூடும், தெரியும். வேலையாள் கிடைக்காவிட்டால் முழுசாக ஒரே தடவை போடுங்கள், ஆனால் உருண்டை உடையும் நாளில் போடுங்கள்.

ஏப்ரல் 21, மாலை 4.10 – கோத்தகிரி கொழுந்து
மேல் மூன்று இடம் உடைந்தது. அடிப்பக்கம் பளபளத்தது. மேலே மட்டும் பாதி போட்டாயிற்று.